கிளீனரின் வயிற்றுக்குள் ஒரு காவல்

கிளீனரின் வயிற்றுக்குள்ளிருந்து முதல் குரைப்பு கேட்டபோது, பாவாயி ஒரு லாரி டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாயோ பஞ்சர் கடை வாசலில் கிடந்த பழைய டயரின் குழிக்குள் சுருண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, நல்ல தூக்கத்தில் இருந்தது. சாத்திய வீட்டுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவது போல அந்தக் குரைப்பு வந்தது. பாவாயி தலையைத் தூக்கிப் பார்த்தாள், மறுபடி கேட்டாள், "கேக்குதுடி, சித்தெ இரு" என்று சொல்லிவிட்டு, ஓட்டையைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டு, தேய்த்து, ஒட்டுப் போட்டு, காற்று நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் எழுந்து போனாள். டியூப் காத்திருந்த வண்டியினுடையது, குரைப்பு வீட்டு நாயினுடையது. எதை முதலில் பார்ப்பது என்பதில் அவளுக்கு ஒருநாளும் குழப்பம் இருந்ததில்லை.

பெட்டை நாய்க்குக் கிளீனர் என்று பெயர் வைத்தது அவள்தான். குட்டியாக இருந்தபோதே நின்றிருக்கும் லாரிகளின் படியில் தொற்றி ஏறி, டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொள்ளும். வண்டியைப் பின்னால் எடுத்தால் ஜன்னல் வழியே தலையை நீட்டி இடிக்கப் போகும் பக்கம் பார்த்துக் குரைக்கும். "பொட்டை நாய்க்கு ஆராச்சும் கிளீனர்னு பேரு வெப்பாங்களா" என்று கேட்டவர்களிடம், "பொம்பளை பஞ்சர் ஒட்டறப்போ பொட்டை நாயி கிளீனர் வேலை பாத்தா ஆகாதுங்களா" என்று திருப்பிக் கேட்டாள். அந்தக் கடை அவளுடைய புருஷன் ஆரம்பித்தது. ஆரஞ்சு ஏற்றி வர லாரியோடு நாக்பூருக்குப் போனவன் ஆரஞ்சை மட்டும் அனுப்பிவிட்டு அங்கேயே ஒரு குடும்பத்தோடு தங்கிவிட்டான் என்று சேதி வந்த அன்று, பாவாயி ஒரு பாட்டம் அழுது முடித்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கழற்றிக் கிடந்த டயரில் கடப்பாரையைப் போட்டு நெம்பினாள். நாக்பூர்ப் பேச்சு அதோடு முடிந்தது.

வயிற்றுக்குள் குரைக்கிற நாயைப் பற்றி லாரிப்பேட்டையில் அன்று முழுக்கப் பேசினார்கள். எதையோ விழுங்கியிருக்கிறது, அது உள்ளே கிடந்து கத்துகிறது என்றார் டீக்கடை நாச்சிமுத்து. சினையாக இருக்கும், குட்டிக்கு அவசரம் என்றார் ஒரு டிரைவர். தார்ப்பாய் தைப்பவர், தன் சின்ன மாமனாருக்கும் வயிற்றில் இப்படித்தான் சத்தம் வந்ததென்றும் சுக்குக் கஷாயத்தில்தான் அடங்கியதென்றும் சொன்னார். பொழுது சாய்வதற்குள் பேட்டை இந்தச் சேதியைத் தின்று செரித்துவிட்டது. மறுநாள் பேச்சு டோல்கேட்டுக்கும் டயர் விலைக்கும் திரும்பிவிட்டது.

பாவாயிக்கு அப்படித் திரும்ப முடியவில்லை. குரைப்பு தொடங்கிய சில நாளில் கிளீனரின் அடிவயிற்றில் ராகியைத் தூவியது போலச் செம்புள்ளிகள் கிளம்பின, ஈறு வெளுத்தது, மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகி டயரில் உறையாமல் நின்றது. அவள் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு பைபாஸைத் தாண்டிக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

அங்கே இருந்த டாக்டர் கோகிலவாணி மாடு, ஆடு, கோழி, ஒருதரம் சர்க்கஸ் ஒட்டகம் வரைக்கும் பார்த்துச் சலித்தவர். ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார்.

"குரைக்குது" என்றார்.

"ஆமாங்" என்றாள் பாவாயி.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வந்த டாக்டர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். "ஒவ்வொரு உடம்புக்குள்ளயும் ஒரு காவல் இருக்கும்மா. வெளிய இருந்து கிருமி வந்தாக் கடிச்சுத் தொரத்தறது அதோட வேலை. உங்க நாய்க்குள்ள இருக்கற காவலுக்கு ஆள் அடையாளம் தப்பிப்போச்சு. சொந்த உடம்பையே அந்நியம்னு நெனைக்குது. ரத்தத்தை உறைய வெக்கிற தட்டணுன்னு ஒண்ணு இருக்கு, அதைத்தான் இப்பக் கடிச்சுத் தின்னுட்டிருக்குது."

"இந்த நோவு வந்த நாய்க்கெல்லாம் இப்படித்தான் சத்தம் கேக்குங்களா?"

"மத்த நாய்களுக்குள்ள சத்தமில்லாமக் கடிக்கும். இது குரைச்சுட்டே கடிக்குது."

குரைக்கிற நாய் கடிக்காது என்று சொல்லிவைத்தவர் கிளீனரைப் பார்த்திருக்கவில்லை. விஷயத்தைக் கேட்ட நாச்சிமுத்து, "வேலியே பயிரை மேயற கதையா இருக்குது" என்று சொல்லி, டீ ஆற்றுவதைக் கொஞ்சம் நிறுத்தி வருத்தப்பட்டார்.

காவலைத் தூங்கவைக்க டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். கோழிப்பண்ணைகள் சூழ்ந்த அந்த ஊரில் பஞ்சமில்லாத ஒன்று முட்டை. பாவாயி மாத்திரையைப் பொடித்து அவித்த மஞ்சள் கருவில் பிசைந்து ஊட்டினாள். மாத்திரை உள்ளே போனதும் நாய்க்குத் தாகம் எடுத்தது, பாத்திரம் பாத்திரமாய்த் தண்ணீர் குடித்தது, குடித்ததை நிற்கிற இடத்திலேயே பெய்தது, பசி அடங்காமல் கடையில் கிடந்த ரப்பர்த் துண்டைக்கூட முகர்ந்தது. அவள் வாசலைக் கழுவினாள், சாக்கை மாற்றினாள், எலும்பைக் கடித்தால் ஈறில் ரத்தம் வரும் என்று சோற்றைக் குழைத்துப் பிசைந்து வைத்தாள். கைக்குழந்தை வைத்திருப்பவளைப் போலப் பேசுகிறாள் என்று டிரைவர்கள் கேலி செய்தார்கள். "உங்களைப் பெத்தவிங்களும் இப்படித்தான் கழுவி உட்டாங்க, மறந்துபோச்சாக்கும்" என்று அவள் சொன்னாள்.

மாத்திரையிலும் அந்தக் காவல் முழுக்கத் தூங்கவில்லை. அவ்வப்போது விழித்துக் குரைத்தது. ஆயுத பூஜை நெருங்குகிற சமயம் பேட்டையில் ஜாக்கிகள் காணாமல் போயின, டேங்குகளில் டீசல் குறைந்தது. லாரி உரிமையாளர் சங்கத் தலைவர் கந்தப்பன், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு டீக்கடையில் உட்கார்ந்து விசாரித்துக்கொண்டிருந்தபோது, வண்டிகளுக்கு கிரீஸ் அடிக்கிற அம்மாசி அந்த வழியாக வந்தான். கிளீனர் கண்ணை மூடித்தான் படுத்திருந்தது. அதன் வயிற்றுக்குள்ளிருந்து காவல் அம்மாசியைப் பார்த்து விடாமல் குரைத்தது.

"கண்ணு மூடியிருக்கற நாயி வவுத்துக்குள்ள இருந்து ஆளைக் காட்டுதப்பா" என்றார் கந்தப்பன். இதைவிடப் பெரிய சாட்சி பேட்டைக்கு வேண்டியிருக்கவில்லை. அம்மாசிக்கு ஒரு டிரைவர் கையால் அறை விழுந்தது, வேலை போனது. அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, கிரீஸ் கன்னைத் தரையில் வைத்துவிட்டு, நாயை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து கிளீனர் பேட்டையின் நீதிமன்றம் ஆனது. வெள்ளிக்கிழமை தோறும் டிரைவர்களும் கிளீனர்களும் லோடு ஏற்றுகிறவர்களும் வரிசையாக நாயின் முன்னால் நடந்தார்கள். நெடுந்தூரம் புறப்படும் வண்டிகள், டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பதோடு, நாய்க்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றும் போயின. உள்ளிருந்து குரைப்பு வந்தால் ஆள் சந்தேகத்துக்குரியவன்; வராவிட்டால் யோக்கியன். கந்தப்பனைப் பார்த்துக் காவல் மூச்சுக்கூட விடவில்லை. அதை அவர் சங்கக் கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னார். பாவப்பட்ட இட்லிக்காரியைப் பார்த்துக் குரைத்தது, தார்ப்பாய் தைப்பவரைப் பார்த்துக் குரைத்தது, எல்லாரையும்விடப் பாவாயியைப் பார்த்துத்தான் தொண்டை கிழியக் குரைத்தது. களவு மட்டும் நின்றபாடில்லை. நாய் இல்லாவிட்டால் இன்னும் அதிகமாகப் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டார்கள்.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? பஞ்சர் கடைக்காரிக்கும் ஜாக்கிக்கும் என்ன தூரம் என்று ஆரம்பித்தார்கள். சில வண்டிகள் அடுத்த கடைக்குப் போயின. வரிசையை நிறுத்தச் சொல்லிச் சண்டை போடப் பாவாயிக்கு அப்போது நேரமில்லை. நாயைக் குளிப்பாட்டும்போது அடிவயிற்றில், முலைக்காம்பை ஒட்டி, அவள் விரலில் ஒரு கூழாங்கல் தட்டுப்பட்டிருந்தது. தை பிறப்பதற்குள் அது எலுமிச்சையானது, பிறகு மாதுளையானது.

டாக்டர் தடவிப் பார்த்தார். "எடுத்தாகணும்" என்றார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆனா சிக்கல் இருக்கும்மா. மாத்திரை குடுத்துட்டே வெட்டுனாப் புண்ணு ஆறாது. மாத்திரையைக் குறைச்சா உள்ள இருக்கற காவல் முழிச்சுக்கும், தட்டணுவைத் தின்னும், மேசையிலயே ரத்தம் நிக்காமப் போயிரும்."

"வெட்டாம உட்டா?"

"கட்டி தின்னுரும்."

பாவாயி நாயின் காதைத் தடவினாள். உள்ளே காவல் குரைத்தது. காலைத் தொட்டாள், குரைத்தது. டாக்டர் எதையோ யோசித்தவராக விலாவைத் தொட்டார், வாலைத் தொட்டார், எல்லாவற்றுக்கும் குரைத்தது. பிறகு கட்டியின் மேல் விரலை வைத்து அழுத்தினார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி அழுத்தினார். உள்ளே அப்படி ஓர் அமைதி.

பாவாயிக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. "வூட்டுக்காரனைக் கடிச்சுப்போட்டுத் திருடனுக்குப் பாய் விரிச்சுக் குடுத்திருக்குதுங்களே" என்றாள். அதைச் சொன்ன வாயோடு இன்னொன்றும் அவளுக்கு விளங்கியது. மதியம் மதியம் தன் வடையைப் பிட்டுப் பாதியை நாய்க்குப் போடுகிறவன் அம்மாசி. மிஞ்சின இட்லியை இலையோடு வைத்துவிட்டுப் போகிறவள் இட்லிக்காரி. தார்ப்பாய் தைப்பவர்தான் மழைக்கு நாய்க்கு ஒரு கூரை தைத்துப் போட்டவர். காவல் யாரைப் பார்த்தெல்லாம் குரைத்ததோ அவர்களெல்லாம் கிளீனருக்குச் சொந்தம்.

அவள் திரும்பி வந்தபோது சங்கக் கட்டடத்து வாசலில் கூட்டம் கூடியிருந்தது. ஆபரேஷன் சேதி அவளுக்கு முன்னாலேயே பேட்டைக்கு வந்துவிட்டது.

"கத்தி வெக்கக் கூடாது பாவாயி" என்றார் கந்தப்பன். "கத்தி வெச்சா அந்தக் குரல் போயிரும். அது இப்ப உன்ற நாயி மட்டுமில்ல. பேட்டைக்கே காவல்."

"அது ஆரைக் காவல் காத்துதுங்க?" என்றாள் பாவாயி. நாயை இறக்காமலே அங்கே அடுக்கியிருந்த டயர்களின் மேல் ஏறி நின்றுகொண்டாள். "காவலுக்குப் புத்தி கெட்டுப்போய் சொந்தத்தைப் பாத்துக் குரைச்சுட்டிருக்குது. அம்மாசி திருடனில்ல, அவன் சோறு போட்டவன். உங்களைப் பாத்து ஏன் குரைக்கலைன்னு கேளுங்க. நீங்க இத்தனை வருசத்துல இதுக்கு டீயில ஒரு வறுக்கி நனைச்சுப் போட்டிருக்கீங்களா? உங்களை அதுக்கு ஆருன்னே தெரியாது. அதான் சும்மா இருந்துது. நானு இதை வெட்டத்தான் போறேன். பொழைச்சா என்ற நாயி, போனாலும் என்ற நாயி. உங்க கோர்ட்டு இன்னையோட கலைஞ்சுது."

அடுத்த நாள் முதல் பேட்டை தலைகீழானது. குரைப்பு வாங்கியவர்கள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்கள். அம்மாசியை அறைந்த டிரைவர் அவன் வீட்டுக்கே போய்க் கூட்டி வந்து கிரீஸ் கன்னைக் கையில் கொடுத்தான். காவல் பேசாமல் விட்டவர்களுக்கோ பெருத்த அவமானமாகிவிட்டது. யோக்கியன் என்று பேர் வாங்கியவர்களெல்லாம் பன்னும் வறுக்கியுமாகப் பஞ்சர் கடையைச் சுற்றினார்கள், எப்படியாவது ஒரு குரைப்பு வாங்கிவிட வேண்டும் என்று. பாவாயி அவர்களைக் கடப்பாரையோடு விரட்டினாள்.

"நோவு வந்த நாய்க்குப் பன்னு ஆகாது. வந்ததுக்கு வேலை செய்யுங்க" என்றாள்.

அந்த வேலை எல்லாருக்கும் தெரிந்த வேலைதான். லாரிப்பேட்டையில் புது ஆள் சேர்ந்தால் முதலில் அவனை நாயிடம் காட்டுவார்கள். கையை முகரக் கொடுத்து, "நம்மாளுதான்" என்பார்கள். அப்புறம் அந்த ஆள் எந்த நேரத்தில் வண்டிக்கடியில் நுழைந்தாலும் நாய் வாய் திறக்காது. கிளீனருக்குள் இருக்கும் காவலுக்கு இதுவரை யாரும் யாரையும் காட்டவில்லை. ஊரிலுள்ள நாய்க்கெல்லாம் ஆள் காட்டியவர்கள் இதை மறந்தே போனார்கள். ஆகவே டாக்டர் சொன்னபடி மாத்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையக் குறைய, விழித்துக்கொண்டு வந்த காவலுக்குப் பேட்டை, கிளீனரின் உடம்பை ஒவ்வோர் இடமாக அறிமுகம் செய்தது.

பாவாயி காதைப் பிடித்து, இது காது, நம்மாளுதான், வண்டிச் சத்தத்தை வைத்தே டிரைவர் யாரென்று சொல்லும் காது, இதைக் கடிக்காதே என்றாள்; அம்மாசி கிரீஸ் போகக் கழுவிய கையை முன்னங்காலில் வைத்து, இது காலு, நம்மாளுதான், ஓடற வண்டியில தொத்தி ஏறின காலு என்றான்; இட்லிக்காரி நாக்கைக் காட்டி, இது நம்மாளு, என் சட்னிக்குக் குறை சொல்லாத ஒரே நாக்கு என்றாள்; லோடு ஏற்றுகிறவர்கள் முதுகைச் சொன்னார்கள், டிங்கரிங் பட்டறைக்காரர்கள் விலா எலும்பை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார்கள், நாசிக்குக்கும் விஜயவாடாவுக்கும் புறப்பட்ட டிரைவர்கள் வண்டியை ஓடவிட்டபடியே இறங்கி வந்து, கண்ணாலே காணாத ஈரலையும் குடலையும் ரத்தத்தையும் அந்த ரத்தத்துக்குள் மிதக்கிற தட்டணுவையும், நம்மாளு, நம்மாளு, நம்மாளுதான் சாமி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காவல் குரைத்தது, சில சமயம் உறுமியது, சில சமயம் யோசிப்பது போல நிறுத்தியது. கந்தப்பன் எல்லாருக்கும் கடைசியாக வந்து, சட்டை அழுக்காகும் என்று பாராமல் குத்தவைத்து, மிச்சமிருந்த வாலைத் தொட்டு, "நம்மாளுதான்" என்று முணுமுணுத்தார். கட்டியை யாரும் அறிமுகம் செய்யவில்லை. அதைக் காட்டும்போது மட்டும் பாவாயி, "இது ஆருன்னு எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவைத்தாள்.

ஆபரேஷன் அன்று காலையில் டாக்டர், "ரத்தத்துல தட்டணு இன்னும் போதாது, ஆனா இதுக்கு மேல காத்திருக்கவும் முடியாது" என்றார். "பயமா இருந்தா இப்பவே சொல்லிருங்க."

"பயந்தானுங்க" என்றாள் பாவாயி. "அதுக்காக உட்டுப்போட்டுப் போக முடியுங்களா?"

கதவு சாத்தினார்கள். கிளீனர் மயக்கத்தில் கிடந்தது. காவலுக்கு மயக்க மருந்து ஏறவில்லை. கத்தி பட்டதும் அது குரைக்க ஆரம்பித்த சத்தம் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது, மாடுகள் கயிற்றை இழுத்தன, வெளியே நின்ற அம்மாசி காதைப் பொத்திக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. "ரத்தம் நிக்கலை. உள்ள வாங்க" என்றார் டாக்டர். கவுனும் முகமூடியும் மாட்டி அவளை மேசைக்குத் தலைமாட்டில் நிறுத்தினார்கள்.

வெட்டிய இடத்தில் ரத்தம் துடைக்கத் துடைக்க ஊறியது. பாவாயி கெஞ்சத்தான் வாயைத் திறந்தாள். வந்தது கெஞ்சல் இல்லை.

"ஏய்" என்றாள். "ஆரைக் கடிக்கறே? இத்தனை பேரு வேலையைப் போட்டுட்டு வந்து சொன்னது உன்ற காதுல ஏறலையா? இவளைத் தின்னுட்டு நீ எங்க போய் இருப்பே? இவ செத்தா நீயும் செத்தே, தெரியுமா? இந்த உடம்பை உட்டா உனக்கும் வூடு கிடையாது. கடிக்கணும்னா என்னையக் கடி. நானு இங்கதான் நிக்கறேன். இவளைத் தொட்டே, குடலுக்குள்ள கைய உட்டு உன்னைய வெளிய இழுத்துப் போட்டுருவேன். இவ நம்மாளு. அங்க கட்டியா உக்காந்திருக்கறானே, உன்ற மூக்குக்கு முன்னால, நீ பாய் போட்டுக் குடுத்தவன், அவன் ஆருன்னு கேளு. அவனைப் பாத்துக் குரை."

உள்ளே சத்தம் நின்றது. டாக்டரின் கையும் நின்றது. பிறகு மெதுவாக, முதல்முறையாக இடம் தெரிந்து வருவது போல, கட்டி இருந்த பக்கத்திலிருந்து ஓர் உறுமல் கிளம்பியது. டாக்டர் பஞ்சை எடுத்தார். பஞ்சு வைத்த இடத்தில் ரத்தம் கெட்டிப்பட்டிருந்தது. "சீக்கிரம்" என்று அவர் உதவிக்கு நின்ற கால்நடைக் கல்லூரி மாணவர்களிடம் சொன்னார். கட்டி தட்டில் விழும்வரை அந்த உறுமல் ஓயவில்லை.

சில நாள் கழித்து டாக்டர் அவளிடம் மறைக்காமல் சொன்னார். கட்டி கெட்ட சாதி, புற்று. திரும்பி வரலாம். காவலின் நோய் போகவே போகாது, மாத்திரை ஆயுசுக்கும் வேண்டும். இந்தத் தடவை கேட்டது அடுத்த தடவை கேட்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

"எத்தனை நாளைக்குன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

"எனக்கும் எத்தனை நாளைக்குன்னு தெரியாதுங்" என்றாள் பாவாயி. "அது வரைக்கும் நாங்க இருப்பமுங்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வண்டி பேட்டையில் நின்றதும் அவள் தையல் போட்ட நாயைக் கையில் ஏந்தி இறங்கினாள். டீக்கடையிலிருந்தும் பட்டறையிலிருந்தும் ஆட்கள் வந்து சுற்றி நின்றார்கள். கிளீனர் கண்ணைத் திறந்து, இருக்கிற பலத்தில் அவள் முழங்கையை நக்கியது. அதே நேரம் அதன் வயிற்றுக்குள்ளிருந்து காவல், அவளைப் பார்த்து, பழையபடி, திருடியைப் பார்த்துக் குரைப்பது போலக் குரைத்தது. கூட்டத்தில் எல்லார் முகமும் வாடிவிட்டது. "இன்னும் போகலியே" என்றார் கந்தப்பன்.

பாவாயி ஒரு கணம் நாயையே பார்த்தாள். பிறகு முகத்தைத் தாழ்த்தி, அந்த வயிற்றுக்கு நேராக வாயை வைத்து, லாரிப்பேட்டை முழுக்கக் கேட்கும்படி, தானும் திருப்பிக் குரைத்தாள்.